கார் எஞ்சினுக்கு ஆயில் மாற்றுவது ஏன்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என் வீட்டுக்கு வந்து, "இந்த வருஷம் நீங்க பேசணும்" என்று சொன்னபோது நான் உண்மையிலேயே பயந்துவிட்டேன். இந்த மேடையில் டாக்டர்கள் பேசியிருக்கிறார்கள், வக்கீல்கள் பேசியிருக்கிறார்கள். நான் இயற்பியல் படித்துவிட்டு ஸ்பேனர் பிடித்தவன். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில் முப்பத்தைந்து வருடம் ஒர்க்ஷாப் நடத்தியவன். "எனக்குக் காரைத் தவிர வேற என்னங்க தெரியும்?" என்றேன். "அதையே பேசுங்க. எல்லாரும் கார்லதான வர்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் மைதானத்தில் நின்ற கார்களைப் பார்த்தேன். நாங்கள் படித்த காலத்தில் இந்தக் கல்லூரிக்குள் ஒரு கார் வந்தால் யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். இன்று நிறுத்த இடமில்லை. மகிழ்ச்சியாக இருந்தது. சரி, ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் காருக்குக் கடைசியாக எஞ்சின் ஆயில் மாற்றியது எந்த மாதம், எத்தனையாவது கிலோமீட்டரில் என்று தெரிந்தவர்கள் மட்டும் கை தூக்குங்கள். (சிரிப்பு) பரவாயில்லை, ஏழெட்டுக் கைகள் தெரிகின்றன. மற்றவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

மாட்டு வண்டி கத்தும், எஞ்சின் கத்தாது

எங்கள் தாத்தா காலத்தில் வீட்டில் மாட்டு வண்டி இருந்தது. பருத்தி ஏற்றிக்கொண்டு வரும். விளக்கெண்ணெயில் வைக்கோலை எரித்த கரியைக் குழைத்து மசகு செய்வார்கள். அதை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்க விட்டிருப்பார்கள். அச்சில் மசகு காய்ந்துவிட்டால் வண்டி 'கிறீச்' என்று கத்தும். தெருவே திரும்பிப் பார்க்கும். வண்டிக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கி மசகு போடுவார். விளக்கெண்ணெயைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பழைய விமான எஞ்சின்களுக்கும் பந்தயக் கார்களுக்கும் அதைத்தான் ஊற்றினார்கள். 1909-ல் வந்த காஸ்ட்ரால் என்ற பெயரே, விளக்கெண்ணெயைக் குறிக்கும் 'காஸ்டர் ஆயில்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். வண்டி அச்சு கத்திச் சொல்லும். கார் எஞ்சின் சொல்லாது. ஆயில் கெட்டுப் போனபின்பும் கார் ஸ்டார்ட் ஆகும், ஏசி குளுகுளு என்று இருக்கும், பாட்டுப் பாடும். எஞ்சின் கத்த ஆரம்பிக்கிறது என்றால் வைத்தியம் செய்யும் காலம் தாண்டிவிட்டது என்று பொருள். நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். கணக்குப் பார்த்து மாற்றுங்கள்.

ஆயில் என்ன வேலை செய்கிறது?

இங்கேயிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர். இருபது நிமிட ஓட்டம். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், நீங்கள் ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதற்குள் கிராங்க் ஷாஃப்ட் 40,000 தடவை சுற்றிவிடும். இத்தனை சுற்றிலும் அந்த இரும்பு பேரிங்கின்மேல் நேரடியாக உரசக் கூடாது. நடுவிலே ஆயில் ஒரு படலமாக நிற்கிறது. அது எவ்வளவு கனம்? சில மைக்ரான்தான். ஒரு தலைமுடியைப் பத்து இருபதாகப் பிளந்தால் கிடைக்கும் கீற்று அளவு. அந்தக் கீற்றின்மேல்தான் உங்கள் குடும்பமே உட்கார்ந்து போகிறது.

உராய்வைக் குறைப்பது ஒரு வேலை. இரண்டாவது வேலை சூட்டை எடுப்பது. ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டரைச் சுற்றித்தான் ஓடும், பிஸ்டனுக்குள் போகாது. பிஸ்டனின் அடியில் பட்டுச் சூட்டை வாங்கிக்கொண்டு கீழே சம்ப்புக்கு வருவது ஆயில்தான். மூன்றாவது, கழுவுவது. எரிந்த கரியை ஒட்டவிடாமல் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்கிறது. நான்காவது, பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே அடைப்பாக நின்று அழுத்தம் கசியாமல் பார்ப்பது. ஐந்தாவது, துருவும் அமிலமும் இரும்பைத் தின்றுவிடாமல் காப்பது. இவ்வளவையும் சின்னக் கார்களில் சுமார் மூன்று லிட்டர் ஆயில் செய்கிறது.

நல்ல ஆயில் ஏன் கெடுகிறது?

"ஆயில் என்ன பாலா, கெட்டுப் போறதுக்கு?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கெடத்தான் செய்கிறது.

வேதியியல் படிக்கும் தம்பிகள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்ஸர் வழியாக வெளியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். அதோடு எரியாத பெட்ரோலும், புகைக்கரியும், அமில வாயுக்களும் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓடினால் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். வீட்டிலிருந்து காந்தி கலைமன்றம் வரை, அங்கிருந்து கடைத்தெரு வரை, மறுபடி வீடு என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டினால்? தண்ணீர் சூடாவதைவிட ஆயில் சூடாக அதிக நேரம் பிடிக்கும். அது சூடாவதற்குள் நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறீர்கள். வந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே, "நான் ஊருக்குள்ளதான ஓட்டுறேன், என் வண்டிக்கு என்ன கஷ்டம்?" என்பது தப்புக் கணக்கு. மதுரைக்கும் சென்னைக்கும் ஓடுகிற வண்டியைவிட உங்கள் வண்டியின் ஆயில்தான் சீக்கிரம் கெடும்.

நல்ல ஆயிலில் அமிலத்தை முறிக்கக் காரப் பொருளும், அழுக்கைக் கழுவ மருந்தும், தேய்மானத்தைத் தடுக்க மருந்தும் கம்பெனியே கலந்து தருகிறது. அவை வேலை செய்யச் செய்யத் தீர்ந்து போகும். எண்ணெய் மிச்சம் இருக்கும், மருந்து மிச்சம் இருக்காது. டாப்-அப் செய்துகொண்டே போனால் போதாது என்பது இதனால்தான். அளவு சரியாகும், அழுக்கு அப்படியே இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ஒரு உதாரணம். பால்கோவா கிண்டுகிறவர் அடுப்பை விட்டு நகர மாட்டார், கரண்டியை நிறுத்த மாட்டார். பால் சுண்டச் சுண்ட, கொஞ்சம் கவனம் தப்பினால் அடிப்பிடித்துவிடும். அடிப்பிடித்தபின் எவ்வளவு கிண்டினாலும் அந்த வாடை போகாது. பழைய ஆயிலும் சூட்டில் அப்படித்தான் சுண்டுகிறது, கெட்டியாகிறது. டாப்பெட் கவரைக் கழற்றிப் பார்த்தால் சில வண்டிகளில் கறுப்புப் பால்கோவாவே இருக்கும். (சிரிப்பு) ஆனால் அதற்குப் புவிசார் குறியீடு யாரும் தர மாட்டார்கள். நம் பால்கோவாவுக்கு 2019-ல் கிடைத்தது. இதற்குக் கிடைப்பது ரீ-போர் பில்தான்.

நிறத்தை நம்பாதீர்கள், விளக்கையும் நம்பாதீர்கள்

நிறைய பேர் டிப்ஸ்டிக்கை உருவி, விரலில் தேய்த்து, "கறுத்திருச்சு, மாத்தணும்" என்பார்கள். அல்லது "இன்னும் செவப்பாத்தான இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். இரண்டும் முழுசாகச் சரியில்லை. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓடினாலே கறுத்துவிடும். கரியைத் தன்னோடு எடுத்துக்கொண்டது என்று அர்த்தம், அதாவது வேலை செய்கிறது. நிறம் நன்றாக இருந்தும் மருந்து தீர்ந்த ஆயிலும் உண்டு. டிப்ஸ்டிக் அளவு பார்க்கத்தான். ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியும். ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உடனே மெக்கானிக்கிடம் போங்கள்.

இன்னொன்று, டேஷ்போர்டில் வரும் சிவப்பு விளக்கு. விளக்கு எரியவில்லை, அதனால் ஆயில் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். அந்த விளக்குக்கு ஆயிலின் தரம் தெரியாது, அழுத்தம் மட்டும்தான் தெரியும். ஓடும்போது அது எரிந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள்.

நம் ஊர் மில்லைப் பாருங்கள். 1936-ல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊருக்கு நூற்பாலைதான் சோறு போட்டது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் மில் சம்பளம் வந்திருக்கும். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒரு ஃபிட்டரிடம் போய், "ஸ்பிண்டில் சத்தம் போட்டபிறகு ஆயில் விடலாமா?" என்று கேளுங்கள், உங்களை மேலும் கீழும் பார்ப்பார். இத்தனை மணி ஓடினால் ஆயில், இத்தனை நாள் ஓடினால் டிராவலர் மாற்று என்று அட்டவணை போட்டு வைத்திருப்பார். முதலாளி சொன்னாலும் தள்ளிப் போட மாட்டார். அதே ஃபிட்டர் சொந்தக் காரை என்னிடம் கொண்டு வந்து, "பார்த்துக்கலாம் அண்ணாச்சி, ஓடுதுல்லா" என்பார். மில்லில் தெரிந்த பாடம் வீட்டு வாசலில் மறந்து போகிறது.

நான் வாய் திறக்காத ஒரு நாள்

இதுவரை சொன்னதை எந்த மெக்கானிக்கும் உங்களுக்குச் சொல்லிவிடுவார். இனிச் சொல்வது என் கதை.

என்னோடு இந்தக் கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்ஸி ஓட்டினான். கடன் வாங்கி எடுத்த டீசல் அம்பாசடர். 1994-ம் வருடம். ஐப்பசி மாதம் பிரேக் ஷூ மாற்ற என் ஒர்க்ஷாப்புக்கு வந்தான். பழக்கத்தில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் தார் மாதிரி இழுத்தது. மீட்டரைப் பார்த்தேன். மாற்ற வேண்டிய கணக்கைத் தாண்டி இரண்டு மடங்கு ஓடியிருந்தது. "டேய், ஆயிலை மாத்திருவோம்" என்றேன். "மாப்ளே, கார்த்திகை பொறக்கட்டும். சபரிமலை சீசன்ல நாலு டிரிப் அடிச்சிட்டு வந்து மாத்துறேன். இப்ப பையனுக்கு ஃபீஸ் கட்டணும்" என்றான்.

ஆயிலும் ஃபில்டரும் அன்றைக்கு 350 ரூபாய் ஆகியிருக்கும். அவன் கையில் இல்லை. நான் கடனாகப் போட்டிருக்கலாம். "சிநேகிதன்கிட்ட வியாபாரம் பண்றான்னு நெனச்சிருவானோ" என்று எனக்கு ஒரு கூச்சம். கார்த்திகை முதல் வாரம் ஹாரன் வேலைக்காக மறுபடி வந்தான். அன்றைக்கு நான் டிப்ஸ்டிக்கைத் தொடவே இல்லை. தொட்டால் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பதற்காகவே தொடவில்லை.

அடுத்த வாரம் ஐந்து சாமிகளை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகப் போயிருக்கிறான். புளியரை தாண்டி, கோட்டைவாசல் ஏற்றத்தில் எஞ்சின் 'டக டக' என்று தட்டியிருக்கிறது. ஏற்றம் முடியட்டும் என்று மிதித்திருக்கிறான். கொஞ்ச தூரத்தில் எஞ்சின் பிடித்துவிட்டது. சாமிகள் இருமுடியோடு ரோட்டில் நின்று வேறு வண்டி பிடித்துப் போனார்கள். அம்பாசடர் லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு என் ஒர்க்ஷாப்புக்கு வந்தது.

சம்ப்பைக் கழற்றினேன். ஆயில் உறிஞ்சும் இடத்தில் இருக்கும் சல்லடை கறுப்புச் சேறால் அடைத்துக் கிடந்தது. ஏற்றத்தில் எஞ்சினுக்கு ஆயில் அதிகம் தேவைப்படும் நேரத்தில் அது மேலே ஏறவில்லை. கனெக்டிங் ராட் பேரிங் உரிந்து, கிராங்க் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய்க் கிராங்க் கிரைண்டிங், போர், புது பேரிங், புது பிஸ்டன். கூலி நான் வாங்கவில்லை. அப்படியும் 15,000 ரூபாயைத் தாண்டியது. வண்டி ஓட ஆரம்பித்தபோது மகர ஜோதி முடிந்திருந்தது. சீசன் வருமானம் போச்சு, தவணை மூன்று நின்று போச்சு. வண்டியை விற்றான். அப்புறம் பல வருடம் அடுத்தவர் வண்டிக்குத்தான் டிரைவராக இருந்தான். அவன் பையனுக்கு ஒரு வருடப் படிப்பு நின்று, அதற்கடுத்த வருடம்தான் சேர்ந்தான்.

நண்பன் இன்று இந்த அரங்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதைச் சொல்ல அனுமதி தந்தான். நேற்று ராத்திரி போனில் கேட்டேன், "என் மேல உனக்குக் கோபம் இல்லையா?" என்று. "நீ சொல்லியிருந்தா மட்டும் நான் கேட்டிருப்பேனா மாப்ளே?" என்றான். கேட்டிருக்க மாட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சொல்ல வேண்டியது என் வேலை. நான் செய்யவில்லை.

அதற்குப் பிறகு என் ஒர்க்ஷாப்பில் ஒரு வழக்கம் வைத்தேன். எந்த வண்டி எந்த வேலைக்கு வந்தாலும் டிப்ஸ்டிக் பார்ப்பது, மீட்டர் பார்ப்பது, அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுவது. "இவன் எப்பப் பார்த்தாலும் ஆயில் ஆயில்னு உயிரை வாங்குறான்" என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரில் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒன்று. காரோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள். இன்றைய கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருக்கும். ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டம், தூசி ரோடு, பாரம் என்றால் அதற்கு முன்பே மாற்றச் சொல்லியிருக்கும். அந்த வரியையும் படியுங்கள்.

இரண்டு. ஓடாத வண்டிக்கும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிங்கப்பூர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் கவனிக்க. ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும் காரிலும் ஈரம் இறங்கும், ஆயில் காற்றோடு சேர்ந்து கெடும்.

மூன்று. ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றுங்கள். குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொள்வார்களா?

நான்கு. கெட்டி ஆயில்தான் நல்ல ஆயில் என்று நினைக்காதீர்கள். அம்பாசடருக்கு ஊற்றிய 20டபிள்யூ-40-ஐ இன்றைய 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினில் ஊற்றக் கூடாது. இப்போதைய எஞ்சின்களில் இடைவெளி சின்னது. டர்போ இருந்தால் அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஆயிலில் மிதந்து சுற்றுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தபிறகு, புகை வடிகட்டி உள்ள டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த தனி ஆயில் தேவை. கையேட்டில் உள்ள எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். சில்லறை ஆயில் வேண்டாம். ஊற்றியதும் காலி டப்பாவை ஓட்டை போட்டு விடுங்கள், போலி ஆயில் அதில் மறுபடி வராது.

ஐந்து. இறக்கிய பழைய ஆயிலைச் சாக்கடையிலோ கண்மாய் ஓரத்திலோ கொட்டாதீர்கள். அபாயக் கழிவு பற்றிய 2016-ம் வருட விதிகளில் அதுவும் சேர்ந்திருக்கிறது. சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே அனுப்புகிற ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். நாம் குடிப்பது இந்த மண்ணின் தண்ணீர்தான்.

மாணவர்கள் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. "இனி எலெக்ட்ரிக் கார்தானே, எஞ்சின் ஆயிலே கிடையாதே?" உண்மைதான். அதில் எஞ்சின் ஆயில் இல்லை, கியருக்கு மட்டும் உண்டு. ஆனால் இன்று வாசலில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலும் டீசலும்தான். உங்கள் அப்பா அவற்றில்தான் உங்களைக் கொண்டுவந்து விட்டார்.

ஆகவே, தம்பி தங்கைகளே, இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் கேளுங்கள்: "அப்பா, கடைசியா ஆயில் எப்ப மாத்துனீங்க?" அவர் "அதெல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்பார். விடாதீர்கள். சீட்டைக் கேளுங்கள், தேதியைப் பாருங்கள். கூச்சப்பட்டு நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. நீங்கள் கேட்டுவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் மைதானத்தில் இருப்பேன். யாருக்காவது டிப்ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் கூப்பிடுங்கள், காட்டித் தருகிறேன். கூலி கிடையாது. (சிரிப்பு, கைதட்டல்)